போன ஜென்மமும் போர்வெல் தண்ணீரும்

"அம்மாவுக்கு இரண்டு வருடமாக முட்டியை மடக்க முடியவில்லை. சொந்தக்காரர்கள் போன ஜென்மத்துப் பாவம் என்கிறார்கள். பௌத்தமும் அதைத்தானே வினை என்கிறது? விபாசனா தியானத்துக்குப் போனால் வலி குறையுமா?" இப்படிப் பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள தம்பி,

விபாசனாவை அப்புறம் பார்ப்போம். "பௌத்தமும் அதைத்தானே" என்று எழுதினீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. மோளிய சீவகர் என்ற துறவி இதையே புத்தரிடம் நேரில் கேட்டது சம்யுத்த நிகாயம் என்ற பௌத்த நூலில் இருக்கிறது. புத்தர் எட்டுக் காரணம் சொல்கிறார்: பித்தம், கபம், வாதம், மூன்றும் சேர்ந்தது, பருவ மாற்றம், உடம்பைத் தாறுமாறாக நடத்துவது, பிறரால் பட்ட அடி, எல்லாவற்றுக்கும் கடைசியில் வினை. எட்டில் ஒன்று! எல்லாமே முன்வினை என்பவர்கள் உலகம் கண்டறிந்ததை மீறிப் பேசுகிறார்கள் என்றும் சொல்லிவிட்டார்.

பென்னாகரம் பக்கம் என் அத்தை ஒருத்தி இருந்தாள். சிரிப்பு வந்தால் முந்தானை வாய்க்குப் போய்விடும். பல்லெல்லாம் குறுக்கே குறுக்கே காவிக் கறை. பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். "எந்த ஜென்மத்துல யார் சோத்துல மண்ணப் போட்டாளோ" என்று பாட்டி அவள் காதுபடவே சொல்வாள். ஐம்பது வயதில் முதுகு கட்டை மாதிரி இறுகி, குனிந்து ஒரு கோலப் புள்ளி வைக்க முடியவில்லை. அவள் என்ன பாவம் செய்தாள் தம்பி? பிறந்ததிலிருந்து ஊர்த் தண்ணீரைக் குடித்தாள், அவ்வளவுதான். நம் தர்மபுரி மாவட்டத்துப் பாறையிலிருந்து ஃபுளோரைடு என்ற உப்பு நிலத்தடி நீரில் கரைகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பிள்ளைகளின் பல்லைப் பிடிக்கும், அளவு கூடி நாள்பட்டால் எலும்பையும் பிடிக்கும், கொதிக்க வைத்தாலும் போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல் வந்தது. அத்தை அதற்கு முன்பே போய்விட்டாள்.

இது இருந்தால் அது வரும், இது போனால் அதுவும் போகும் என்பதுதான் பௌத்தம் சொல்லும் காரண காரியம். மணிமேகலைக் காப்பியம் அந்தக் காரணச் சங்கிலியின் பன்னிரண்டு கண்ணிகளை அடுக்கும்போது முதலில் வைப்பது பேதைமையை, அதாவது அறியாமையை. வயிற்றுப்போக்கில் தன் மலத்திலேயே கிடந்த பிக்குவிடம் புத்தர் வினைக் கணக்குக் கேட்கவில்லை; புத்தரே தண்ணீர் ஊற்ற, சீடர் ஆனந்தர் கழுவிவிட்டார்.

உங்கள் அம்மாவுக்கு ஃபுளோரைடா, வெறும் தேய்மானமா, எனக்குத் தெரியாது. எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டில் போர்வெல் தண்ணீர்தான் குடிக்கிறீர்கள் என்றால் ஒரு பாட்டிலில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள். சொந்தக்காரர்கள் மறுபடி ஜென்மக் கதை பேசினால் அம்மா முன்னாலேயே நிறுத்தச் சொல்லுங்கள், அவர் காதில் விழ வேண்டும். ரிசல்ட் வந்ததும் எழுதுங்கள், விபாசனா பற்றி அப்போது பேசுவோம்.