வழக்கறிஞரைப் பார்க்கப் போகும் முன்

கேள்வி: பெற்றோர் விட்டுச்சென்ற வீடு தொடர்பாக என் அண்ணன் வழக்கறிஞர் மூலம் எனக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். அடுத்த வாரம் முதன்முறையாக ஒரு வழக்கறிஞரைச் சந்திக்கிறேன். எதையெல்லாம் எடுத்துச் செல்ல வேண்டும்? சில ஆண்டுகளுக்கு முன் அண்ணன் நீட்டிய ஒரு தாளில் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். அதை இப்போதே சொல்வதா என்றும் புரியவில்லை. – ஒரு வாசகி

பதில்: முதலில் அந்த நோட்டீஸில் பதில் அனுப்ப எத்தனை நாள் கெடு தரப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கெடு சந்திப்புக்கு முன்பே முடிவதாக இருந்தால், இன்றே வழக்கறிஞரின் அலுவலகத்தை அழைத்து அந்தத் தேதியைச் சொல்லி, சந்திப்பை முன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸ் வந்த உறையையும் பத்திரப்படுத்துங்கள். அது எப்போது அனுப்பப்பட்டது என்பதற்கு அதிலுள்ள அஞ்சல் முத்திரை சான்றாகலாம். நோட்டீஸின் மீது அடிக்கோடு போடுவதோ ஓரத்தில் குறிப்பெழுதுவதோ வேண்டாம். உங்கள் கைக்கு வந்த நாளைத் தனித்தாளில் குறித்துக்கொண்டால் போதும்.

வீட்டுப் பத்திரம், உயில் இருந்தால் உயில், வரி ரசீதுகள், அண்ணனுடன் நடந்த கடிதப் போக்குவரத்து ஆகியவற்றைத் தேதிவாரியாக அடுக்கி நகல் எடுங்கள். மூலங்களைக் காட்டலாம், ஆனால் கேட்டாலன்றி விட்டுவிட்டு வர வேண்டாம். விட்டு வந்தால் பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். கைப்பேசியில் உள்ள செய்திகளில், உங்களுக்குச் சங்கடம் தருபவை உட்பட, எதையும் அழிக்காதீர்கள். என்ன நடந்தது என்பதை 1 பக்கத்தில், நாள் வரிசையில், அண்ணன் மீதுள்ள கோபத்தைக் கலக்காமல் எழுதிக்கொண்டு போனால், சந்திப்பின் பெரும்பகுதி கதை சொல்வதிலேயே கரைந்துபோகாது. அதில் உரிமை கோரக்கூடிய எல்லாருடைய பெயரும் இருக்கட்டும். அவர்களில் யாருக்காவது அந்த வழக்கறிஞர் ஏற்கெனவே ஆஜராகியிருந்தால், உங்கள் வழக்கை அவர் ஏற்க முடியாமல் போகலாம்.

கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். நீங்கள் மறைத்தாலும் அந்தத் தாள் அண்ணனிடம் இருக்கிறது. வழக்கு நடுவில் அது வெளிவந்தால், அதுவரை உங்கள் தரப்பில் சொன்னவை அனைத்தும் சந்தேகத்துக்கு உள்ளாகும்; முன்கூட்டியே தெரிந்தால், எந்தச் சூழலில், யார் முன்னிலையில், என்ன சொல்லி வாங்கப்பட்ட கையெழுத்து என்று வழக்கறிஞர் ஆராய இடமிருக்கும். சட்ட ஆலோசனைக்காக நீங்கள் சொல்வதை ரகசியமாகக் காப்பது அவருடைய தொழில் கடமை. துணைக்கு உறவினர் யாராவது வந்தால் இந்தப் பேச்சின்போது அவர் வெளியே இருப்பது நல்லது. மூன்றாமவர் உடனிருந்தால் சில நேரங்களில் அந்தப் பாதுகாப்பே பலவீனப்படும். படிக்காமல் கையெழுத்திட்டதற்காக வெட்கப்பட வேண்டாம். உடன்பிறந்தவரை நம்பிக் கையெழுத்திடுவது எத்தனையோ குடும்பங்களில் நடந்திருக்கிறது.

கட்டணத்தைத் தயங்காமல் கேளுங்கள். மொத்தமாகவா, கட்டம் கட்டமாகவா, நீதிமன்றச் செலவுகள் தனியா என்று தெளிவுபடுத்திக்கொண்டு, எழுத்தில் வாங்குங்கள். வழக்கறிஞரைச் சந்திக்கும் வரை நோட்டீஸுக்கு நீங்களே பதில் எழுதுவதும், புதிதாக எந்தத் தாளிலும் கையெழுத்திடுவதும் கூடாது. விடைபெறும் முன், அடுத்து நீங்கள் செய்ய வேண்டியது என்ன, அவர் செய்யப்போவது என்ன, எந்தத் தேதிக்குள் என்று கேட்டு, அவர் எதிரிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.