ஹாலில் வருகிறது, உள் அறையில் அறுகிறது

கேள்வி: காட்பாடி காந்தி நகரில் இருக்கிறோம். மகளின் படிப்புக்காகப் போன வாரம் ஆன்லைனில் ஒரு லேப்டாப் வாங்கினோம். ஹாலில் பிரச்சினை இல்லை. உள் அறைக்குப் போனால் வைஃபை அடிக்கடி அறுந்துவிடுகிறது. அதே இடத்தில் என் போனில் நன்றாக வருகிறது. லேப்டாப் கம்பெனி நெட்டைக் குறை சொல்கிறது, நெட் போட்டவர் லேப்டாப்பைக் கை காட்டுகிறார். வைஃபையைத் தூரத்துக்கு நீட்டும் ரிப்பீட்டர் வாங்குவதா, லேப்டாப்பைத் திருப்பி அனுப்புவதா?

பதில்: ரிப்பீட்டருக்கு இப்போது செலவு செய்யாதீர்கள். முதலில், லேப்டாப்பை மாற்றிக்கொள்ளக் கடைசித் தேதி எது என்று ஆர்டர் பக்கத்தில் பாருங்கள். கோளாறு யாருடையது என்பது அதற்குள் தெரிந்தாக வேண்டும்.

இன்றே போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, உள் அறையில் லேப்டாப்பை அதில் ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். அதிலும் அறுந்தால் சந்தேகம் லேப்டாப் மேல்தான். அறுந்துபோகாமல் ஓடினாலும் லேப்டாப் நிரபராதி என்று சொல்லிவிட முடியாது. போன் பக்கத்திலேயே இருப்பதால் ஆன்டெனா பலவீனம் வெளியே தெரியாது. எனவே வேறொரு லேப்டாப்பை அதே இடத்தில் வைத்து வீட்டு வைஃபையில் பாருங்கள். காட்பாடியில் இரவல் லேப்டாப்புக்கா பஞ்சம்?

அதுவும் அறுந்தால் ரவுட்டரைப் பார்க்க வேண்டியதுதான். இப்போது வரும் பெரும்பாலான ரவுட்டர்கள் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசையில் வேலை செய்யும். 5 வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டினால் சீக்கிரம் சோர்ந்துவிடும். இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் போன் 2.4-க்கு மாறியிருக்கலாம், லேப்டாப் 5-ஐயே பிடித்துக்கொண்டு தொங்கலாம். ரவுட்டர் செட்டிங்கில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, உள் அறையில் 2.4-ஐ மட்டும் பயன்படுத்திப் பாருங்கள். அக்கம்பக்கத்து வைஃபைகளின் நெரிசலும் 2.4-இல்தான் அதிகம். அதனால் சேனலை, அதாவது அலைவரிசைக்குள் இருக்கும் தனிப் பாதையை, 1, 6, 11 என்று மாற்றிப் பாருங்கள். அப்புறம், ரவுட்டருக்கும் அறைக்கும் நடுவே இரும்பு பீரோ நின்றால் அதையோ ரவுட்டரையோ நகர்த்துங்கள்.

இரவல் லேப்டாப் நன்றாக ஓடினால், உங்கள் லேப்டாப்பில் செய்ய வேண்டியவை இரண்டு. வைஃபையை இயக்கும் சாப்ட்வேரான டிரைவரைக் கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து, உங்கள் மாடலுக்கு உரியதாகப் பார்த்துப் போடுங்கள். 'டிரைவர் அப்டேட்டர்' என்று இலவசமாகக் கிடைக்கும் சாப்ட்வேர் பக்கமே போகாதீர்கள். விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டருக்கு, மின்சாரம் மிச்சப்படுத்த அதை அணைத்துவிடும் ஒரு டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். சில புது மாடல்களில் அது தெரியாது.

இதற்கும் மசியவில்லை என்றால், இரவல் லேப்டாப் ஓடும் இடத்தில் உங்களுடையது அறுவதை வீடியோ எடுத்து, தேதி முடியுமுன் மாற்றிக் கேளுங்கள். போனில் பேசினால் போதாது, ஆப்பிலோ மெயிலிலோ எழுத்தில் பதியுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீராவிட்டால், விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் 2019-ஆம் ஆண்டு சட்டப்படி வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. பில்லும் சர்வீஸ் சென்டர் பழுது விவரம் எழுதித் தரும் ஜாப் ஷீட்டும் கையில் இருக்கட்டும்.