தளத்தில் போட்ட கதை யாருக்குச் சொந்தம்?

கேள்வி: பல வருடங்களாக முகநூலிலும் ஒரு கதைத் தளத்திலும் தொடர்கதை எழுதுகிறேன். என்னிடம் பிரதி இல்லை. தளத்தையே மூடிவிட்டால்? – வாசகி, திண்டுக்கல்

பதில்: நடக்கக்கூடியதுதான். இலவசமாக இணையப் பக்கம் அமைக்க உதவிய யாகூவின் ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரிலும், முகநூல் போன்ற சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலிலும் மூடப்பட்டன. முன்னறிவிப்பு கொடுத்தார்கள், ஆனால் பழைய மின்னஞ்சலைத் திறந்தே பார்க்காதவருக்கு அறிவிப்பு வந்தென்ன, வராவிட்டாலென்ன? தளம் மூடுவதைவிட அதிகம் நடப்பது கணக்கு முடங்குவது. யாராவது புகார் கொடுத்தால் போதும், கடவுச்சொல் திருடு போனாலும் போதும்.

இந்த வாரமே பிரதி எடுங்கள். முகநூலின் கணக்கு அமைப்புகளில் உங்கள் தகவலைப் பதிவிறக்கும் வசதி இருக்கிறது. கால வரம்பை 'எல்லா நாட்களும்' என்று மாற்றுங்கள், இல்லாவிட்டால் பழைய அத்தியாயங்கள் விடுபடலாம். கோப்பு வடிவம் கேட்கும்போது, உலாவியில் திறந்து படிக்கக்கூடிய எச்.டி.எம்.எல். (HTML) தேர்ந்தெடுங்கள். நிரல்களுக்கான ஜேசான் (JSON) வடிவத்தை எடுத்தால் தமிழ் சிதைந்து வரும்: யூனிகோடின் யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட்; முகநூல் அந்த மூன்றையும் தனித்தனி எழுத்தாக எழுதிவைக்கிறது. நிரல் தெரிந்தவர் சரிசெய்து தருவார், ஆனால் அந்த வம்பு எதற்கு?

கூகுளின் வலைப்பூத் தளமான பிளாகரில் எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை: அதன் காப்புக் கோப்பில் எழுத்து மட்டும் வரும். படங்களின் முகவரிதான் இருக்கும், படம் இருக்காது. தனியாகச் சேமியுங்கள்.

கேள்வி: தளத்தில் வெளியிட்டால் உரிமை அவர்களுக்குப் போய்விடுமா? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: பெரும்பாலும் இல்லை, அவர்கள் கேட்பது வெளியிடும் உரிமம், அதாவது அனுமதிதான். ஆனால் போட்டி, பணம் தரும் திட்டம் என்று வந்தால் விதி வேறு. 'பிரத்தியேக', 'நிரந்தர', 'ஒலி, காட்சி வடிவங்கள்' என்ற சொற்களைத் தேடிப் படியுங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 19-இன்படி உரிமை மாற்றம் கையெழுத்திட்ட எழுத்து ஆவணமாக இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். ஒப்பந்தம் மௌனமாக இருக்கும்வரைதான் இந்தப் பாதுகாப்பு. 'நிரந்தரமாக, உலகம் முழுவதும்' என்று எழுதியதில் கையெழுத்துப் போட்டுவிட்டால், பிரிவு 19-ஐக் காட்டித் தப்ப முடியாது.

கேள்வி: அதே கதையைக் கிண்டிலிலும் போடலாமா? – வாசகி, சேலம்

பதில்: விற்பனைக்கு மட்டும் என்றால் தாராளமாக. சந்தா கட்டியவர்கள் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட்டில் வர வேண்டுமானால், அமேசானின் 'கேடிபி செலக்ட்' திட்டத்தில் சேர வேண்டும். அதில் 90 நாளுக்கு மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது. உங்கள் சொந்த வலைப்பூவும் இதில் அடக்கம். மாதிரிக்கு நூலில் 10 சதவீதம் வரை வெளியே வைத்துக்கொள்ளலாம், அச்சுப் புத்தகத்துக்குத் தடையில்லை. பலரும் மாட்டுவது மறந்துபோன பழைய முகநூல் அத்தியாயங்களால்தான். அவற்றை நீக்கிவிட்டுச் சேருங்கள். சேர்ந்த கையோடு தானியங்கிப் புதுப்பிப்பையும் அணைத்துவிடுங்கள். விட்டால் அடுத்த 90 நாளும் தானாகத் தொடங்கிவிடும்.