மனு பார்க்கப் போகிறவர்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிறைக்குள் நடக்கும் கல்வி பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். உள்ளே இருக்கும்போது படித்தவர்கள் மறுபடி உள்ளே போவது குறைகிறது என்று ஆய்வுகளை எடுத்துச் சொல்லியிருந்தீர்கள். நல்ல கட்டுரைதான். நடுவில் ‘கைதியின் குடும்பத்தாரும் துயரப்படுகிறார்கள்’ என்று ஒரு வரி வருகிறது. அந்த ஒரு வரிக்குள்தான் அம்மா, அண்ணி, அண்ணன் மகன், நான் என்று நாலு பேர் நாலு வருடமாகக் குடியிருக்கிறோம்.

என் அண்ணன் தண்டனைக் கைதி. செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். செய்தான். ஒரு குடும்பம் அதனால் சீரழிந்திருக்கிறது. அந்த வீட்டுப் பெண்ணை நீதிமன்ற வராந்தாவில் ஒருமுறை பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அதனாலேயே யாரிடமும் எதுவும் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. மனு பார்க்க, அதாவது மனு கொடுத்து அவனைச் சிறையில் சந்திக்க, போகும் நாட்களில் அலுவலகத்தில் பல்வலி என்று லீவு சொல்கிறேன். இத்தனை தடவை வலிக்க எனக்கு மொத்தம் எத்தனை பல் என்று இதுவரை யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

அண்ணன் மகனுக்கு எட்டு வயது. அப்பா கப்பலில் வேலை பார்க்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறோம். போன வாரம் கப்பலின் பெயர் என்ன என்று கேட்டான்.

எனக்கு மூன்று கேள்விகள். குற்றம் செய்தவனின் குடும்பம் இரக்கம் கேட்கலாமா? பையனிடம் என்ன சொல்வது? அண்ணன் சில மாதங்களாகக் கடிதத்துக்குப் பதில் போடுவதில்லை. பார்க்கப் போனாலும் அதிகம் பேசுவதில்லை. நாங்கள் போய் வருவதில் அவனுக்கு ஏதாவது பயன் உண்டா, இல்லை எங்கள் ஆறுதலுக்காகத்தான் போகிறோமா?

பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

அது ஒப்புக்கு எழுதிய வரிதான். கட்டுரை முழுக்க ஆய்வும் சதவீதமுமாகப் போய்க்கொண்டிருந்தது, மனிதர்கள் யாரையும் காணோமே என்று உங்களையெல்லாம் ஒரு ஓரமாக நிற்க வைத்தேன். மன்னியுங்கள்.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்குத்தான் என்னிடம் உறுதியான பதில் இருக்கிறது.

பயன் உண்டு. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலச் சிறைத்துறை, தன் சிறைகளிலிருந்து விடுதலையான 16,000க்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை எடுத்து ஆராய்ந்து 2011இல் அறிக்கை வெளியிட்டது. பார்க்க ஆள் வந்தவர்கள் மறுபடி குற்றம் செய்து தண்டனை பெறும் அபாயம், யாருமே வராதவர்களைவிட 13 சதவீதம் குறைவாக இருந்தது. யார் வந்தார்கள் என்றும் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். கூடப்பிறந்தவர்கள், அப்பா, திருமண வழிச் சொந்தங்கள், மதகுருமார் வந்தால் பலன் அதிகம். விவாகரத்தான முன்னாள் துணை வந்தால் மட்டும் நிலைமை மோசமாகியிருக்கிறது, அது தனிக்கதை. பட்டியலில் தங்கைக்கு நல்ல இடம் என்பதைக் கவனியுங்கள். பார்க்க வருகிற அளவுக்குச் சொந்தபந்தம் உள்ளவன் எப்படியும் தேறியிருப்பான் என்று இந்தக் கணக்கை யாராவது மறுக்கலாம். மறுக்கட்டும். அப்போதும் குடும்பம் இருந்ததால் தேறினான் என்றுதானே வருகிறது?

இங்கிலாந்தில் ஃபார்மர் பிரபு 2017இல் கொடுத்த அறிக்கை, குடும்ப உறவு ஒரு ‘தங்க இழை’யாகச் சிறை நிர்வாகம் முழுவதிலும் ஓட வேண்டும் என்றது. அழகான வார்த்தை. ஆனால் சிறை வாசலில் நிற்கிறவர்களைப் பொதுவாகத் தொந்தரவாகத்தான் பார்க்கிறார்கள். நானே ஒரு தடவை நின்றிருக்கிறேன்.

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு தோழி தன் தம்பியைப் பார்க்கப் போனாள், துணைக்குப் போனேன். உள்ளே காகிதம் கொண்டுபோக விட மாட்டார்கள் என்று தெரிந்து, கேட்க வேண்டியதையெல்லாம் இடது உள்ளங்கையில் பேனாவால் எழுதி வந்திருந்தாள். வக்கீல் ஃபீஸ், மேல்முறையீடு, வீட்டுப் பத்திரம் எங்கே, அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு யார் கையெழுத்துப் போடுவது. மொத்தம் பதினோரு விஷயம். மூன்று மணி நேரம் காத்திருந்ததில் கை வியர்த்து மை கரைந்துவிட்டது. கம்பி வலைக்கு இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். அவளும் கத்தினாள். தம்பி காதைத் தொட்டுக் காட்டி, கேட்கவில்லை என்று தலையசைத்தான். கடைசியில் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துச் சாய்ந்து காட்டி, ‘தூங்குறியா?’ என்று மட்டும் கேட்டாள். தூங்குகிறேன் என்று தலையாட்டினான். நேரம் முடிந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். ‘பத்திரம்’ என்ற சொல் மட்டும் பாதி அழியாமல் இருந்தது.

கைதிகளின் குடும்பத்துக்குச் சேவை என்றதும் ஆலோசனை மையம், விழிப்புணர்வு முகாம் என்று பேச ஆரம்பித்துவிடுகிறோம். அவள் அன்றைக்குக் கேட்டிருக்கக்கூடியது அதைவிடச் சின்னது. உட்கார ஒரு பெஞ்ச், குரல் காதில் விழுகிற ஒரு அறை, முறை எப்போது வரும் என்று சொல்ல ஒரு ஆள்.

அப்புறம் தொலைபேசி. அமெரிக்காவில் கைதி வீட்டுக்குப் பேசுவது தனியார் நிறுவனங்களின் வியாபாரமானது. கட்டணம் எக்கச்சக்கம். மார்த்தா ரைட் என்ற பார்வையற்ற மூதாட்டி, ஓய்வுபெற்ற நர்ஸ், சிறையிலிருந்த பேரனோடு பேசும் செலவு தாங்காமல் 2000இல் வழக்குப் போட்டார். ‘நியாயமான கட்டணம் வாங்குங்கள்’ என்பதைத் தவிர அவர் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. இழுத்துக்கொண்டே போனது. கட்டணத்துக்குக் கடிவாளம் போடும் சட்டம் அவர் பெயராலேயே 2023 ஜனவரியில் கையெழுத்தானபோது அவர் இறந்து பல வருடம் ஆகியிருந்தது. அதற்குள் கனெடிகட் மாநிலம் 2021இல் ஒரு சட்டம் போட்டு, சிறை அழைப்புகளை முழுக்க இலவசமாக்கிய முதல் மாநிலமானது. இரக்கப்பட்டு யாரும் செய்து கொடுக்கவில்லை. ஒரு பாட்டி விடாமல் கேட்டார், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. நீங்கள் கேட்பது இரக்கம் என்று நீங்களே நினைத்துக்கொள்கிறீர்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. 2015இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட சிறை விதிகள் நெல்சன் மண்டேலாவின் பெயரால் வழங்குகின்றன. அதன் 3ஆம் விதி, சுதந்திரத்தைப் பறிப்பதே ஒரு துன்பம், அதற்கு மேல் சிறை நிர்வாகம் துன்பத்தைக் கூட்டக் கூடாது என்கிறது. கைதி குடும்பத்தோடு கடிதத்திலும் நேரிலும் சீராகத் தொடர்பு வைத்துக்கொள்ள 58ஆம் விதி இடம் கொடுக்கிறது. முடிந்தவரை வீட்டுக்குப் பக்கத்துச் சிறையில் வைக்கச் சொல்கிறது 59ஆம் விதி. மண்டேலா பெயரை வைத்தது பொருத்தம்தான். ராபன் தீவுச் சிறையில் ஆரம்பத்தில் அவருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம், ஒரு சந்திப்பு. 1968இல் அம்மா இறந்தார். மறு வருடம் மூத்த மகன் கார் விபத்தில் இறந்தார். இரண்டு அடக்கத்துக்கும் அவரை அனுப்பவில்லை. சரி, மண்டேலாவுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது ஒரு நீதிமன்றம். அவருடைய அம்மா மீது எந்த நீதிமன்றத்தில் என்ன தீர்ப்பு வந்தது?

முகத்தைத் திருப்பிக்கொண்ட அந்தப் பெண்ணை நான் மறக்கவில்லை. 1974இல் கனடாவின் எல்மைரா என்ற ஊரில் இரண்டு இளைஞர்கள் குடித்துவிட்டு ஒரே இரவில் 22 இடங்களில் சேதம் செய்தார்கள். இவர்களை அந்தந்த வீட்டுக்கே அழைத்துப்போனால் என்ன என்று ஒரு நன்னடத்தை அதிகாரி நீதிபதியிடம் கேட்டார். கதவைத் தட்டி, நாங்கள்தான் செய்தோம் என்று சொல்லி, நஷ்டத்தைக் கட்டினார்கள். குற்றம் செய்தவரும் பாதிக்கப்பட்டவரும் நேரில் பேசி இழப்பைச் சரிசெய்ய முயல்கிற ‘சீரமைப்பு நீதி’ என்று இன்று பேசப்படுவதில் பெரும்பகுதி அங்கிருந்துதான் கிளைத்தது. ஆனால் உடைந்த ஜன்னல் வேறு, உங்கள் அண்ணன் செய்தது வேறு. அப்படி ஒரு சந்திப்பு பாதிக்கப்பட்டவர் விரும்பினால் மட்டுமே நடக்க வேண்டும், நடுவில் விஷயம் தெரிந்த ஆள் ஒருவர் இருக்க வேண்டும். நீங்களாக அவர் வாசலுக்குப் போய்விடாதீர்கள். நஷ்டஈடு, வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்ற தகவல், விடுதலைக்கு முன் ஒரு எச்சரிக்கை என்று அவருக்கு வர வேண்டியது நிறைய. பெரும்பாலான இடங்களில் அதில் பாதிகூடப் போய்ச் சேர்வதில்லை. ஆனால் உங்கள் அம்மா சிறை வாசலில் மூன்று மணி நேரம் நிற்பதால் அவருக்கு அதில் எதுவும் கிடைத்துவிடப் போவதில்லை.

இன்னொன்று. உங்கள் அண்ணனாவது செய்தார். செய்தாரா இல்லையா என்றே முடிவாகாமல் வாய்தாவுக்கு வாய்தா உள்ளே கிடப்பவர்கள் உலகச் சிறைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர். ஜாமீன் கிடைத்தும் கட்டப் பணம் இல்லாமல் இருப்பவர்களும் அதில் உண்டு. 1979இல் இந்திய உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஹுசைனாரா காத்தூன் வழக்கில், பிகார் சிறைகளில் விசாரணைக் கைதிகள் சிலர், குற்றம் நிரூபணமானால் கிடைத்திருக்கக்கூடிய அதிகபட்சத் தண்டனையைவிட அதிக காலம் ஏற்கெனவே உள்ளே இருந்தது வெளியே வந்தது. விரைவான விசாரணை அடிப்படை உரிமை என்று நீதிமன்றம் சொன்னது. சொல்லி நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது.

விடுதலை எப்போது என்று நீங்கள் எழுதவில்லை. எப்போதாக இருந்தாலும் ஒரு வேலையை இப்போதே செய்துவிடுங்கள். சட்ட உதவியில் இருக்கும் நண்பர் ஒருவர் சொன்னது இது. ஒருவர் ஒன்பது வருடம் கழித்து வெளியே வருகிறார். கைதான அன்று வாங்கி வைத்த உடைமைகளைப் பையோடு திருப்பிக் கொடுக்கிறார்கள். ஒரு பெல்ட், இப்போது எந்த சார்ஜரும் சேராத ஒரு போன், ஒரு வீட்டுச் சாவி. அந்த வாடகை வீட்டைக் குடும்பம் எப்போதோ காலி செய்துவிட்டது. சாவியை என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டாராம். அடுத்த இரண்டு மாதம் அவர் அலைந்தது வேலைக்காக அல்ல, காகிதத்துக்காக. சிம் கார்டு வாங்க அடையாள அட்டை வேண்டும், அடையாள அட்டையைப் புதுப்பிக்க முகவரி வேண்டும், முகவரிக்கு வாடகை ஒப்பந்தம் வேண்டும், முன்பணம் கிடக்கும் வங்கிக் கணக்கைத் திறக்கப் பழைய போன் நம்பருக்கு ஓடிபி போகும். வெளியே வருகிறவர்களிடம் தேவையான ஆவணங்கள் இருக்க வேண்டும் என்று மண்டேலா விதிகளில் 108ஆவது சொல்கிறது. அதை நம்பி உட்கார வேண்டாம். அவருடைய அட்டைகள் எங்கே இருக்கின்றன, எது காலாவதியாகிறது, வங்கிக் கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். பல்வலி லீவு ஒன்றை அதற்குச் செலவழிக்கலாம்.

பையன் விஷயத்துக்கு வருகிறேன். கப்பலுக்குப் பெயர் மட்டும் வைத்துவிடாதீர்கள். வைத்தால் அடுத்தது துறைமுகத்தின் பெயரைக் கேட்பான். எட்டு வயதுப் பையன் இப்படிக் கேட்கிறான் என்றால் பாதி தெரிந்துதான் கேட்கிறான் என்பது என் ஊகம். வகுப்பில் இன்னொரு பையன் சொல்லித் தெரிந்துகொள்வதற்கு முன்னால் அண்ணி சொல்லட்டும். அப்பா ஒரு பெரிய தப்புச் செய்தார், அதனால் சிறையில் இருக்கிறார், அதற்கு நீ காரணம் இல்லை, அவர் உன் அப்பாதான். இதற்கு மேல் அவன் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும். செசமி ஸ்ட்ரீட் என்ற குழந்தைகள் தொலைக்காட்சி நிகழ்ச்சியைத் தயாரிப்பவர்கள் 2013இல் இப்படிப்பட்ட குடும்பங்களுக்காகவே அலெக்ஸ் என்று ஒரு பொம்மைப் பையனை உருவாக்கினார்கள். அவன் அப்பா சிறையில் இருக்கிறார். அதை வெளியே சொல்ல அவனுக்குக் கூச்சம். ஒரு பொம்மை செய்து வைக்கும் அளவுக்கு உங்கள் வீட்டுக் கதை உலகத்தில் சகஜம் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அண்ணன் ஏன் பதில் போடுவதில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? வெட்கமாக இருக்கலாம். எழுத ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். உள்ளே நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம்? ‘எப்படி இருக்கிறாய்’ என்று கேட்டால் அவரால் என்ன எழுத முடியும்? அவர் செய்து அனுப்பும்படியாக ஏதாவது ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள். பையனின் கணக்கு நோட்டிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்து, தப்பு எங்கே என்று திருத்தி அனுப்பச் சொல்லுங்கள். அதற்கு முதலில் கப்பல் கரைக்கு வந்தாக வேண்டும்.