வெக்டர் வரைபடம்: கட்டம் போட்ட நகரம் எங்கே தள்ளினாலும் பொருந்தும்

கேள்வி: பார்சிலோனா நகரம் வளர்ந்த கதையைச் சிறு நூலாக எழுதுகிறேன். 'முழுக்க எடிட் செய்யலாம், வரலாற்று லேயர்களும் உண்டு' என்று விளம்பரம் செய்த வெக்டர் வரைபடம் ஒன்றை வாங்கினேன். இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் திறந்தால் தெருக்கள் எல்லாம் ஒரே கட்டியாக நகர்கின்றன. 1859 விரிவாக்கத் திட்டத்தின் ஸ்கேனை மேலே வைத்தால் ஒரு பக்கம் பொருந்துகிறது, மறுபக்கம் விலகுகிறது. கோப்பில் பழுதா, என் தவறா?

பதில்: இரண்டும் கொஞ்சம் உண்டு. பெரிய பங்கு விற்றவருடையது.

முதலில் அந்தக் கட்டி. ஒரு தெருவைச் சொடுக்கிப் பாருங்கள். நடுவில் ஒற்றைக் கோடு கிடைத்து, அதன் தடிமனை நீங்கள் கூட்டிக் குறைக்க முடிந்தால் அது உண்மையாகவே வரைந்த வரைபடம். தெருவின் இரு ஓரமும் சேர்ந்த நிறம் பூசிய வடிவமாகக் கிடைத்தால், பெரும்பாலும் யாரோ ஒரு படத்தை மென்பொருளிடம் கொடுத்துத் தானாகக் கோடாக மாற்றியிருப்பார்கள். வெக்டர் என்பது படத்தைப் புள்ளிகளும் கோடுகளுமாகச் சேமிக்கும் வெறும் கோப்பு வகை. புள்ளிகள் நகர்வதால் மட்டும் அது வரைபடம் ஆகிவிடாது. தெருப் பெயரையும் சொடுக்குங்கள். தட்டச்சு செய்து திருத்த முடியாமல் எழுத்து ஓவியமாகிப் போயிருந்தால் தமிழில் மாற்ற வழியில்லை, அழித்துவிட்டுப் புதிதாகத்தான் எழுத வேண்டும். (எழுதும்போது கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் நின்றால் பதறாதீர்கள். பத்தி அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்துக் கோர்ப்பானைத் (composer) தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.)

இந்த வியாபாரத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். சந்தையில் கிடைக்கும் நகர வெக்டர் வரைபடங்களில் பல, தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்திலிருந்து இலவசமாக இறக்கி, நிறம் மாற்றியவை. அதை விற்பது குற்றமில்லை, உரிமம் அனுமதிக்கிறது. ஆனால் 'ஓபன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்' என்ற வரியை அழித்துவிட்டு, 'முழு உரிமையும் எங்களுடையது' என்று சான்றிதழ் தருகிறார்கள் பாருங்கள், அதுதான் மோசடி. அந்தச் சான்றிதழை நம்பி நூலில் அந்த வரியைப் போடாமல் விட்டால் மாட்டுவது நீங்கள், அவர் அல்ல. இன்னும் சிலர் கூகுள் வரைபடத்தின் மேல் கோடு போட்டு விற்கிறார்கள். கூகுளின் விதிமுறை அதை அனுமதிப்பதே இல்லை. எனவே மூலத் தரவு எது என்று எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் வாங்காதீர்கள். கேட்கப்போனால் வாங்கவே வேண்டியதில்லை: அதே ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவை கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் திறந்து நீங்களே எடுக்கலாம். பார்சிலோனா இருக்கும் கட்டலோனியாவின் நிலப்பட நிறுவனமும் தன் தரவை, மூலத்தைக் குறிப்பிட்டால் போதும் என்ற நிபந்தனையோடு இலவசமாகவே தருகிறது.

அப்புறம் 'வரலாற்று லேயர்'. இதை எந்த விற்பனையாளரும் உங்களுக்குத் தயாராகத் தர முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தவரை, இன்றைய தெருக்களை மூன்று நிறமாகப் பிரித்து ஆண்டு எழுதியிருப்பார்கள். கிராசியா, சான்ட்ஸ், லெஸ் கோர்ட்ஸ் முதலிய ஊர்கள் 1897 வரை தனி நகராட்சிகள். சாரியா 1921-இல்தான் சேர்ந்தது. நகர எல்லைக்கோடு இப்படிக் காலத்துக்குக் காலம் மாறியிருக்கும்போது இன்றைய எல்லையைப் போட்டு '1859' என்று எழுதினால் அது வரலாறு இல்லை.

இப்போது பொருந்தாத ஸ்கேனுக்கு வருகிறேன். அந்த 1859 திட்டத்தை வரைந்த பொறியாளர் செர்தா வகுத்த விரிவாக்கப் பகுதியில் கட்டடத் தொகுதி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 113 மீட்டர் சதுரம், இடையே 20 மீட்டர் தெரு. எல்லாம் ஒரே மாதிரி. அதனால் ஸ்கேனை ஒரு தொகுதி தள்ளி வைத்தாலும் அச்சாகப் பொருந்தியது போலவே தோன்றும். ஒரு பக்கம் பொருந்தி மறுபக்கம் விலகுவதாகச் சொல்கிறீர்களே, பொருந்திய பக்கத்தையும் சந்தேகப்படுங்கள். கட்டங்களை வைத்துப் பொருத்தாதீர்கள். கட்டத்துக்கு அடங்காதவற்றைப் பிடியுங்கள்: பழைய நகரின் கதீட்ரல், சாந்தா மரியா தெல் மார் தேவாலயம், கிராசியாவின் கோணல் தெருக்கள், பொப்லெனோவில் கட்டங்களைக் குறுக்காக வெட்டிச் செல்லும் நான்காம் பெரே தெரு. பழைய நகரைச் சுற்றியிருந்த மதிலின் இடிப்பு 1854-இல் தொடங்கியது. மதில் நின்ற கோடு இன்றும் 'ரோந்தா' என்ற பெயருள்ள தெருக்களாக இருக்கிறது. அதுவும் நல்ல பிடி. ஸ்கேனிலும் இன்றைய வரைபடத்திலும் இப்படிப்பட்ட நான்கைந்து புள்ளிகளைப் பரவலாக எடுத்து இணைத்தால் போதும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம், இதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். செர்தா 1855-இல் வரைந்தது நகரைச் சுற்றிய சமவெளியின் அளவை வரைபடம், இருந்ததைக் காட்டுவது. 1859-இல் வரைந்தது திட்டம், வரவேண்டியதைக் காட்டுவது. திட்டத்தைப் பொறுத்தவரை, எவ்வளவு கச்சிதமாக ஒட்டினாலும் அது இன்றைய நகரத்தோடு முழுக்கப் பொருந்தாது, பொருந்தவும் கூடாது. தொகுதியின் இரண்டு பக்கம் மட்டும் கட்டடம், நடுவில் தோட்டம் என்றுதான் செர்தா நினைத்தார். நிலச் சொந்தக்காரர்கள் நான்கு பக்கமும் கட்டி, உள்ளேயும் நிரப்பிவிட்டார்கள். கடல்வரை போவதாக அவர் போட்ட தியகொனால் சாலை 1999-இல்தான் கடலை எட்டியது. ஆகவே 'திட்டம்' ஒரு லேயர், 'கட்டியது' இன்னொரு லேயர். இரண்டையும் கலந்து ஒரே நிறம் பூசினால் உங்கள் நூல் செய்யாததைச் செய்ததாகச் சொல்லிவிடும்.

இருபதாம் நூற்றாண்டு நகராட்சி வரைபடங்களைச் சேர்ப்பதாக இருந்தால் இன்னொரு இடறல். அந்தக் காலத்து எண்முறைத் தரவு, இடங்களை எண்களால் குறிக்கும் ஈடி50 என்ற பழைய ஆயத்தொலை முறையில் இருக்கலாம். ஸ்பெயின் 2007-இல் ஆணையிட்டு ஈடிஆர்எஸ்89-க்கு மாறியது. இரண்டுக்கும் அங்கே 200 மீட்டருக்கு மேல் வித்தியாசம். கியூஜிஐஎஸ் போன்ற மென்பொருளில் முறையின் பெயரைச் சொன்னால் அதுவே திருத்திக்கொள்ளும். கையால் நகர்த்தாதீர்கள்.

ஸ்கேன் வாங்குவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்கிறேன். நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய வரைபடத்துக்கு ஒரு காப்பகம் என்னிடம் மூன்று படிவமும் 'பயன்பாட்டுக் கட்டணமும்' கேட்டது. ஐந்து வாரம் கழித்து வந்த கோப்பு, அவர்கள் தளத்திலேயே இலவசமாகக் கிடந்த அதே சிறிய படம். முதலில் இணையத்தில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் மட்டும் படிவம் நிரப்புங்கள்.

வாங்கிய கோப்பைத் தூக்கிப் போடாதீர்கள், நிறங்கள் நன்றாக இருந்தால் அவற்றை வைத்துக்கொள்ளலாம். பணத்தைத் திரும்பக் கேளுங்கள், தருவார்கள் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம்.