மலைக்குப் போகும் மகள்

அன்புள்ள ஐயா,

என் மகள் அரசுக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படித்தவள். ஹவுஸ் சர்ஜன் வருடம் அடுத்த மாதம் முடிகிறது. கூடப் படித்த பிள்ளைகள் எல்லாம் மேற்படிப்புக்கான நீட் பி.ஜி. கோச்சிங்கில் சேர்ந்துவிட்டார்கள். இவள் மட்டும் ஜவ்வாது மலைப்பக்கம் ஒரு தொண்டு ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் வேலை பார்க்கப்போகிறேன் என்கிறாள். நான் ஈரோட்டில் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவன். பி.ஜி. இல்லாத டாக்டருக்கு இன்று என்ன மதிப்பு? சேவை செய்கிறவர்களைப் பற்றி உங்களைப் போன்றவர்கள் உருகி உருகி எழுதுகிறீர்கள். அந்தச் சேவையை எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள்தான் செய்ய வேண்டுமா? அரசாங்கம் சட்டம் போட்டு எல்லா டாக்டர்களையும் கிராமத்துக்கு அனுப்பினால் என்ன?

(பெயர் போட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். வேண்டாவெறுப்பாக வந்து சேர்ந்த டாக்டர் முதல் நாளிலிருந்தே காலண்டர் தாளைக் கிழித்துக்கொண்டிருப்பார். தமிழ்நாடு வேறு வழியில் போனது. ஆரம்ப சுகாதார நிலையம் போன்ற இடங்களில் வேலை பார்த்த அரசு டாக்டர்களுக்கு, மாநிலத்தின் பங்கில் வரும் பி.ஜி. இடங்களில் பாதியை ஒதுக்கியது. யாரையும் மகாத்மா ஆகச் சொல்லவில்லை. பிள்ளைகள் தாமாகவே அந்த நிலையங்களுக்குப் போனார்கள். இடையில் மத்திய விதிகளைக் காட்டி அது பறிபோனது. 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, மாநிலங்கள் இப்படி ஒதுக்கலாம் என்று தீர்ப்பளித்தது. கிராமத்து மருத்துவத்துக்கு இந்தச் சலிப்பூட்டும் ஏற்பாடு செய்த அளவுக்கு எந்த உருக்கமான கட்டுரையும் செய்ததில்லை. என்னுடையதையும் சேர்த்துத்தான்.

உங்கள் மகளுக்கு இதில் ஒரு சங்கதி உண்டு. தொண்டு ஆஸ்பத்திரியில் பார்க்கும் வருடங்கள் அந்த ஒதுக்கீட்டுக் கணக்கில் வராது. மெடிக்கல் ரெக்ரூட்மென்ட் போர்டு வழியாக அரசு வேலையில் சேர்ந்து மலைப்பகுதி நிலையத்தைக் கேட்டு வாங்கினால் வரும். இது தெரிந்துதான் முடிவெடுத்தாளா என்று கேளுங்கள். தெரிந்துதான் என்றால், அவளுக்கு அங்கே வேறு ஏதோ வேண்டியிருக்கிறது.

அது என்னவாக இருக்கும்? ராத்திரி பத்து மணிக்கு வயலிலிருந்து ஒருவரைத் தூக்கி வருகிறார்கள். கால் வீங்கியிருக்கிறது, பாம்பை யாரும் பார்க்கவில்லை. மெடிக்கல் காலேஜ் கேஷுவால்டியாக இருந்தால் உங்கள் மகள் ரத்தம் எடுத்துக்கொண்டு லேபுக்கு ஓடியிருப்பாள். முடிவெடுக்க மேலே நாலு பேர் இருப்பார்கள். மலையில் அவள் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தத்தை விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் குழாய் ஆகாது, சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயும் ஏமாற்றிவிடும். பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்க்கிறாள். உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன் போன்ற பாம்பின் விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது என்று பொருள். விஷமுறிவு மருந்தை ஏற்ற வேண்டும். அது சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால் அட்ரினலினைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டு ஏற்ற வேண்டும். உறைந்திருந்தாலும் நிம்மதி கிடையாது. இமை சொருகுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கட்டுவிரியனாக இருந்து மூச்சு தளர்ந்தால், மூச்சு கொடுக்கும் ஆம்பு பையைக் கையால் அழுத்தியபடியே 108 வண்டியில் கூடப் போக வேண்டும். எந்தக் கோச்சிங் சென்டரிலும் இது கிடைக்காது. இப்படி இரண்டு வருடம் இருந்தவளை பி.ஜி. இல்லாத டாக்டர் என்று யாராவது இளப்பமாகப் பேசினால் பேசிவிட்டுப் போகட்டும்.

டாக்டர் ரெஜி ஜார்ஜும் அவர் மனைவி டாக்டர் லலிதா ரெஜியும் 1993-ல் தருமபுரி மாவட்டத்தில் சிட்லிங்கிப் பள்ளத்தாக்குக்குப் போனார்கள். கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே மலையாளிப் பழங்குடிகளும் லம்பாடிகளும் வாழும் இடம். அங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. பக்கத்து ஆஸ்பத்திரி என்றால் 48 கிலோமீட்டர். ஆபரேஷன் என்றால் 100 கிலோமீட்டருக்கு மேல். கூரைக் குடிசையில் ஆரம்பித்தார்கள். இந்தக் குடிசையைத்தான் எல்லோரும் எழுதுகிறோம். எனக்கு அதற்கடுத்து அவர்கள் செய்ததுதான் முக்கியமாகப் படுகிறது. அந்த ஊர்ப் பெண்களையே எடுத்து, பிரசவம் பார்க்கவும் குழந்தையை எடை போடவும் நோயைக் கண்டுபிடிக்கவும் பழக்கினார்கள். விவசாயிகள் கடனில் மூழ்குவதைப் பார்த்து இயற்கை விவசாயச் சங்கம் வந்தது. லம்பாடிப் பெண்களின் கைத்தையலுக்கு ஒரு அமைப்பு வந்தது. டாக்டருக்கு வரகும் சாமையும் எதற்கு என்று கேட்கலாம். சோறில்லாத வீட்டுக் குழந்தைக்கு மாத்திரை எழுதி எழுதிக் கை ஓய்ந்தவர்களுக்குத் தெரியும். அங்கே குழந்தை இறப்பு பின்னர் ஆயிரத்துக்கு 20 அளவுக்கு இறங்கியது. இரண்டு டாக்டர்கள் மட்டும் எவ்வளவு பாடுபட்டாலும் இது நடந்திருக்காது. அந்தப் பெண்கள் இல்லாவிட்டால் அந்தக் குடிசை, குடிசையாகவே நின்றிருக்கும்.

எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள்தானா என்கிறீர்கள். பெரும்பாலும் ஆமாம், அதற்குக் காரணமும் இருக்கிறது. சிற்றூரில் வளர்ந்தவர்கள்தான் டாக்டரான பிறகும் சிற்றூரில் தங்குவார்கள் என்பதை உலக சுகாதார நிறுவனம் 2010-லேயே எழுதி, அத்தகைய மாணவர்களைச் சேர்க்கச் சொன்னது. ஜப்பான் 1972-ல் ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகத்தை இதற்காகவே தொடங்கியது. ஒவ்வொரு மாகாணத்திலிருந்தும் இரண்டு மூன்று பேரை எடுத்து, கட்டணமில்லாமல் படிக்கவைத்து, 9 வருடம் சொந்த மாகாணத்தில் வேலை பார்க்கச் சொல்கிறார்கள். இதுவும் ஒருவகைக் கட்டாயம்தானே என்று நீங்கள் என்னை மடக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளை சேரும்போதே சம்மதித்து வருகிறது. படித்து முடித்த பிறகு தலையில் கட்டப்படுவதில்லை. கெடு முடிந்தும் பலர் கிராமப்புறத்திலேயே தங்கிவிடுகிறார்கள். நம் ஊரில் 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு எம்.பி.பி.எஸ்.ஸில் 7.5 சதவீத இடம் தந்தபோது அதை வெறும் சலுகையாகவே பேசினோம். நாளை எந்தெந்த மலையில் டாக்டர் இருப்பார் என்பதும் அதில்தான் அடங்கியிருக்கிறது.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். அவளைத் தடுக்காதீர்கள். ஆனால் போகும் இடத்தை ஒருநாள் அவளோடு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நடுராத்திரி சந்தேகம் வந்தால் போனை எடுக்கிற சீனியர் யார் என்று பெயரோடு கேளுங்கள். குவார்ட்டர்ஸில் தண்ணீர் வருகிறதா, கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பாருங்கள். அவள் தீபாவளிக்கு நாலு நாள் ஈரோடு வந்தால் அங்கே நோயாளிகளை யார் பார்ப்பார்கள் என்றும் கேளுங்கள். "அதெல்லாம் சமாளிச்சுக்கலாம்" என்று பதில் வந்தால், எவ்வளவு நல்லவர்கள் நடத்துகிற ஆஸ்பத்திரியாக இருந்தாலும் வேண்டாம். வேறு மலையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்.