விற்கும் படமா, பிடித்த படமா?

கேள்வி: வீட்டிலேயே ஓவியம் வரைந்து விற்கிறேன். கோயில் வாசல், கோலமிடும் பெண் என்று ஒரே மாதிரியான படங்களையே கடைக்காரர் கேட்கிறார். வருமானம் வருகிறது, மனம் சலித்துவிட்டது. ஆர்டர்களை விட்டுவிட்டு எனக்குப் பிடித்ததை வரையலாமா?
– ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரி, ஆர்டர்களை விட வேண்டாம். ஆனால் பிடித்த படத்தைத் தள்ளிப்போடவே போடாதீர்கள். ஸ்பானிய ஓவியர் மரியானோ ஃபோர்த்துனியின் வாழ்க்கையை அறிந்ததால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

1838-இல் கட்டலோனியாவின் ரெயுஸ் நகரில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, மெழுகு பொம்மை செய்யும் தாத்தாவிடம் வளர்ந்தார். பார்சிலோனாவில் படித்து, உதவித்தொகையில் ரோம் சென்றார். மொராக்கோ போரை வரைவதற்காக 1860-இல் அங்கே அனுப்பப்பட்டார். ஒன்பது மீட்டருக்கும் அதிக அகலமுள்ள தெத்துவான் (மொராக்கோ நகரம்) போர் ஓவியத்தை அவர் கடைசிவரை முடிக்கவே இல்லை.

புகழைக் கொண்டுவந்தது அதைவிட மிகச் சிறிய படம். ஒரு மீட்டர் அகலம்கூட இல்லாத ‘லா விக்காரியா’. தேவாலய அறையில் திருமணப் பத்திரம் எழுதப்படுகிறது. மணமகன் மேசைமேல் குனிந்து கையெழுத்திடுகிறார். மணமகளோ கையில் விசிறியுடன் தோழியிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். பட்டாடையின் மினுமினுப்பையும் இரும்புக் கிராதியின் வளைவுகளையும் இழை இழையாகத் தீட்டியிருக்கிறார். 1870-இல் பாரீஸில் கூப்பில் என்ற ஓவிய வணிகர் மூலம் 70,000 பிராங்குக்கு விற்றது. பிறகென்ன, அந்தப் படத்தில் இருப்பதுபோலப் பழங்கால உடையணிந்த மனிதர்களையே எல்லாரும் கேட்டார்கள்.

அவருக்கும் உங்களைப் போலவே சலித்தது. குடும்பத்தோடு ஸ்பெயினின் கிரனாடா நகரில் போய்த் தங்கினார். 1874 கோடையில் இத்தாலியின் நேப்பிள்ஸ் அருகே போர்த்திச்சி கடற்கரையில் தமக்காகவே வரைந்தார். நீண்ட இருக்கையில் மகளும் மகனும், பின்சுவரில் வண்ணத்துப்பூச்சிகள்: மாமனாருக்குப் பரிசளிக்க எண்ணிய அந்தப் படத்தில் என்ன ஒரு விடுதலை! அதே ஆண்டு நவம்பர் 21 அன்று ரோமில் இறந்தார். வயது 36. எனக்கு ஆறவே ஆறாத செய்தி இது.

ஆனால் அந்தக் கடற்கரை வெளிச்சத்தைப் பிடித்த கையும் விற்கும் படங்களில் தேர்ந்த கைதான். அதனால்தான் கடையை விடாதீர்கள் என்கிறேன். வாரத்தில் ஒரு காலையை உங்களுக்கென்று ஒதுக்குங்கள். அன்று ஆர்டர் வேலை இல்லை என்று கடைக்காரரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். சிறிய அட்டையில் தொடங்குங்கள். முதல் சில படங்களுக்கு விலையே சொல்லாதீர்கள்.